கிராமசபைப் படத்தில் விழாதவர்

ஆவரேந்தல் ஊராட்சிச் செயலாளர் சாத்தையா எனக்குச் சொன்னதை ஏழு வருடங்களாக நான் நம்பவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. காலையில் பல் துலக்கும்போது நம்புவேன், அலுவலகத்துக்குப் போய் முதல் கோப்பைப் பிரித்ததும் நம்பமாட்டேன், மதியம் தனியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மறுபடி நம்புவேன். அவர் சொன்னதில் பாதியை என் கண்ணாலேயே பார்த்தவன் நான். மீதிப் பாதிக்குத்தான் அவர் சாட்சி. இருந்தும் நான் பார்த்த பாதியைவிட அவர் பார்த்த பாதிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

ஆவரேந்தல் சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே மூன்று தெருக்கள் உள்ள ஊர். வாக்காளர் பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், ஊரில் இருந்தவர்கள் நாற்பது பேர். மற்றவர்கள் நாக்பூரில் முறுக்குப் பிழிந்துகொண்டும், திருப்பூரில் பனியன் மடித்துக்கொண்டும், துபாயிலும் மலேசியாவிலும் யார் யாருக்கோ வேலை செய்துகொண்டும் இருந்தார்கள். கிராமசபை செல்லுபடியாக ஐம்பது பேர் வேண்டும், அதைக் கோரம் என்பார்கள். நாற்பது பேர் உள்ள ஊரில் ஐம்பது பேர் எப்படிக் கூடினார்கள் என்று மேலிடத்தில் யாரும் கேட்டதில்லை. வருடத்துக்கு நான்கு முறை, கூட்டம் முடிந்த கையோடு, சாத்தையா தீர்மான நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். அடுப்படியில் இருப்பவர்கள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தங்களுக்கு ஒரு கையெழுத்தும், நாக்பூரில் இருக்கும் மகனுக்கு ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார்கள். தங்கள் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு மகனுடைய கையெழுத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகப் போடுவார்கள் என்று சாத்தையா சொன்னார். பதினெட்டு வருடங்கள் இப்படித்தான் அங்கே ஜனநாயகம் நடந்தது, யாருக்கும் மனக்குறை இல்லாமல்.

இதை ஒழிக்கத்தான் செயலி வந்தது. ஊராட்சிக்கு ஒரு கைபேசி கொடுத்தார்கள். கூட்டம் நடக்கும்போதே, நடக்கும் இடத்திலேயே, செயலர் எதிரே நின்று மொத்தக் கூட்டத்தையும் ஒரே படமாக எடுத்து ஏற்ற வேண்டும். இடமும் நேரமும் படத்தின் அடியில் தானாக விழும். செயலி முகங்களை எண்ணும், ஐம்பதுக்குக் குறைந்தால் தீர்மானங்கள் செல்லாது. அந்தப் படத்தை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரும் இணையதளத்தில் திறந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். அரசு என்ன செய்கிறது என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் நானே எழுந்து நின்று பேசினேன், நான் மாவட்ட ஊராட்சி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். அப்படிப் பேசியபோது அதை நம்பித்தான் பேசினேன். இப்போதும் நம்புகிறேன் என்றே நினைக்கிறேன்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி ஆவரேந்தல் ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் சாமியானா போட்டு அறுபது சிவப்பு நாற்காலிகளை சாத்தையா வரிசையாகப் போட்டார். வந்தது இருபத்து மூன்று பேர். இன்றைக்கு மானம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே அவர் வெயிலில் பின்னோக்கி நடந்து, எல்லோரும் படச் சட்டத்துக்குள் அடங்கும் தூரத்தில் நின்று, படத்தை எடுத்தார். செயலி எண்ணி முடித்து ஐம்பத்தெட்டு என்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போய்த் தலைவர் குருவம்மாளிடம் காட்டினார்.

"நம்ம முத்துராக்கு மகன் வழிவிட்டான் உக்காந்திருக்கான்" என்றார் குருவம்மாள். "நாக்பூர்லருந்து எப்ப வந்தான்?"

"வரலக்கா."

"வராமயா அவுக அம்மா பக்கத்துல உக்காந்திருக்கான்?"

"அங்க பாருங்க, அந்த நாக்காலி காலியாத்தான் கெடக்கு."

குருவம்மாள் காலி நாற்காலியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி நாற்காலியைப் பார்த்தார்.

"சரி, கோரம் ஆயிருச்சுல்ல? ஏத்து" என்றார்.

அப்படித்தான் அது ஊருக்குள் நுழைந்தது. வெளியூரில் இருந்தவர்கள் காலி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், அந்த நேரத்தில் எந்தக் கோலத்தில் இருந்தார்களோ அதே கோலத்தில், மாவு படிந்த பனியனோடும், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடும், இரும்புத் தொப்பியோடும், ஒருவன் வாயில் பாதிக் கடித்த வாழைப்பழத்தோடும். கண்ணால் பார்த்தால் நாற்காலி காலி. படத்தில் பார்த்தால் ஆள் இருந்தது. செத்துப் போனவர்கள் யாரும் வரவில்லை என்பதை ஊர் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டது. உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான் வந்தார்கள். இது ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார்கள்.

மே ஒன்றாம் தேதிக் கூட்டத்துக்கு ஊரில் நடக்க முடிந்த எல்லோரும் வந்தார்கள். சாத்தையா இன்னும் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்திருந்தார். அதற்கு முன் கிராமசபைப் பக்கமே எட்டிப் பார்க்காத பெண்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். மகனுக்கு இடப்பக்கம் உட்காருவதா வலப்பக்கம் உட்காருவதா என்ற தகராறில் மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காலி நாற்காலிகளின் முன்னால் செம்பில் தண்ணீர் வைத்தார்கள். வழிவிட்டானின் அம்மா அவன் நாற்காலியின் கைப்பிடி மேல் கூட்டம் முடியும்வரை தன் கையை வைத்திருந்தாள். நாக்பூரில் முறுக்குக் கம்பெனிப் பையன்கள் அன்று காலை பத்து மணிக்கே முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பதினொரு மணிக்குக் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படம் இணையதளத்தில் ஏறியதும் ஒரே கைபேசியைச் சுற்றி நின்று, தங்கள் ஊரில், தங்கள் அம்மா பக்கத்தில், சிவப்பு நாற்காலியில் தாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். 

படம் எதையும் மறைக்கவில்லை. "ஏண்டா கையில கட்டு?" என்று வழிவிட்டானை அவன் அம்மா போனில் கேட்டாள். எண்ணெய் தெறித்ததை அவன் மூன்று வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தான். துபாயில் சூப்பர்வைசராக இருப்பதாகச் சொல்லி வந்த ஒருவர் கையில் துடைப்பத்தோடும் காலில் ரப்பர் பூட்ஸோடும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அன்று முழுக்க அழுதாள். பொய் சொன்னதற்காக அல்ல, ஒன்பது வருடங்கள் அந்தப் பொய்யை அங்கே ஒற்றை ஆளாகக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாரே என்றுதான் அழுதாள்.

கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் என்று தங்கள் முகமே அரசாங்கத் தளத்தில் இருந்ததால், வெளியூரில் இருந்தவர்களுக்கு ஒரு தைரியம் வந்தது. கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். குடிநீர்க் குழாய் ஏன் நடுத்தெருவோடு நின்றது, கீழத்தெருவுக்கு ஏன் வரவில்லை, தெருவிளக்கு எத்தனை எரிகிறது, எத்தனை எரியவில்லை. பதினெட்டு வருடங்கள் தீர்மானங்களை மனதுக்குள்ளேயே படித்து முடித்த சாத்தையா இப்போது ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்க வேண்டியிருந்தது, அதுவும் பாதிக்குமேல் காலி நாற்காலிகளைப் பார்த்து. "யாரும் இல்லாத நாக்காலியப் பாத்து வாசிக்கும்போதுதான் சார் எனக்குப் பயம் வந்துச்சு. ஆள் இருந்த காலத்துல வரல" என்றார் என்னிடம். கீழத்தெருவுக்குக் குழாய் வந்தது.

இதில் ஒவ்வொரு முறையும் நிரம்பாமல் நின்றது ஒரே ஒரு நாற்காலிதான். பஞ்சவர்ணத்துக்குப் பக்கத்து நாற்காலி.

பஞ்சவர்ணத்தின் கணவர் கூரிசாமி ஒன்பது வருடங்களுக்கு முன் மலேசியாவில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்ட வேலைக்குப் போனவர். முதல் வருடம் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று, பிறகு ஒன்றும் இல்லை. பிள்ளை இல்லை. அவரோடு போனவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், பிறகு சொல்வதை நிறுத்தினார்கள். பஞ்சவர்ணம் தினமும் காலையில் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு நூறுநாள் வேலைக்குப் போனாள், வந்தாள், ஒரு ஆளுக்கு உலை வைத்தாள். ஊர் அவளை ஒன்றும் கேட்டதில்லை. தெரியாத விஷயத்தைத் தெரியாமலே விட்டுவைக்கும் மரியாதை அந்த ஊருக்கு இருந்தது. படம் வந்த பிறகு அந்த மரியாதைக்கு இடமில்லாமல் போனது.

ஜனவரிப் படத்தில் அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இடது பக்கம் உட்கார்ந்ததுதான் தப்பு என்று நினைத்து மே மாதம் வலது பக்கம் மாறி உட்கார்ந்தாள். காலிதான். ஊர்ப் பெண்கள் அவளிடம் பேசும்போது கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு நெற்றியைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆடிக்கு முந்தி நடந்த ஒரு கல்யாணத்தில் குங்குமத் தட்டு வரிசையாக எல்லோரிடமும் நீண்டுகொண்டே வந்து, அவளிடம் நிற்காமல் அடுத்தவளிடம் போய்விட்டது. தட்டை வைத்திருந்த பெண் வேண்டுமென்று செய்யவில்லை, அவள் கை தானாகவே அப்படிப் போனது. பஞ்சவர்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். எழுந்து வந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று சாத்தையாவின் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த நிலையில்தான் நான் ஆவரேந்தலுக்குப் போனேன். நோட்டில் நாற்பதுக்கும் குறைவான கையெழுத்து, செயலியில் ஐம்பத்தெட்டு, பிறகு தொண்ணூற்றொன்று. மோசடியா என்று விசாரித்து அறிக்கை கொடுக்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருந்தது. இரண்டு இடம் தள்ளிப் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். தன் பக்கத்து நாற்காலியின் முதுகில் ஒரு பழைய நீலத் துண்டை மடித்துப் போட்டிருந்தாள். எடுத்தவுடன் படத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று சாத்தையாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

காட்டினார். நான் கைபேசியை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் சொன்னபடியே இருந்தது. எனக்கு ஆச்சரியம் வரவில்லை, அதற்கு முன்பே வேறொன்று வந்துவிட்டது. தொண்ணூறுக்கு மேல் முகங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அந்தப் படத்தில் இரண்டே நாற்காலிகள் காலி. ஒன்றின் மேல் நீலத் துண்டு கிடந்தது. இன்னொன்று எனக்குப் பக்கத்தில் இருந்தது.

என் மகன் கனடாவில் இருக்கிறான். அவனுக்கும் எனக்கும் இடையில் என்ன நடந்தது என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். அவன் ஆவரேந்தல் வாக்காளர் இல்லை, அந்த ஊர்ப் பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டான், எப்படி வருவான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சரியான சமாதானம்தான். திரும்பி வரும் பேருந்தில் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். செப்டம்பரில் அறிக்கை எழுதினேன்: முகங்களை எண்ணுவதில் மென்பொருள் பிழை உள்ளது, ஆவரேந்தல் ஊராட்சி அலுவலர்கள் மீது தவறில்லை, செயலியை மாற்றியமைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. சாத்தையாவைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். அந்தக் காலி நாற்காலி எனக்குப் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் 'பிழை' என்ற சொல்லை எழுதியிருப்பேனா என்பது எனக்குத் தெரியவில்லை.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவது சாத்தையா சொன்னது.

அக்டோபர் இரண்டாம் தேதிக் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் கூரிசாமியின் தம்பி முத்துராக்கு, வழிவிட்டானின் அப்பா, ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். அண்ணன் இறந்துவிட்டதாகக் கிராமசபை தீர்மானம் போட வேண்டும் என்று எழுதியிருந்தது.

"இதெல்லாம் கோர்ட்டு வேலை முத்துராக்கு" என்றார் சாத்தையா. "கிராமசபைக்கு ஆளச் சாகடிக்கிற அதிகாரம் இல்ல."

"நான் எங்கய்யா சாகடிக்கிறேன்? மூணு படத்துலயும் இல்ல. துபாய்க்காரன் பொய்யையே பிடிச்ச போனு. ஊரு சொன்னாத்தான் கோர்ட்டும் கேக்கும். மதினிக்கு விதவைப் பென்ஷனாச்சும் வரும். நெலம் ரெண்டு பேரு பட்டாவுல கெடக்கு, ஒண்ணும் பண்ண முடியல. எத்தன வருசம் இப்பிடியே கெடக்குறது?"

முத்துராக்கு கெட்டவர் இல்லை. அண்ணி வீட்டுக் கூரைக்கு வருடா வருடம் ஓலை மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது. தெரிந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தார்.

"தீர்மானமாப் போட முடியாட்டி, கருத்தாப் போடு" என்றார் குருவம்மாள். "கை தூக்கச் சொல்லுவோம். வெளியூர்ப் பிள்ளைகளும் தூக்கட்டும். படம் எடுத்தாத் தெரிஞ்சிரும்ல."

அன்று கூட்டத்தில் சாத்தையா தாளைப் படித்து முடித்தார். பஞ்சவர்ணம் அந்தமுறை தன் பக்கத்து நாற்காலியில் துண்டு போடவில்லை. எழுந்து நின்றாள்.

முத்துராக்குவும் எழுந்தார். "மதினி, எம்மேல வருத்தப்படாதீக. எனக்கும் அண்ணன்தான். ஆனா போனு பொய் சொல்லுமா?"

"போனு பொய் சொல்லாது தம்பி" என்றாள் பஞ்சவர்ணம். "ஆனா அது தனக்கு முன்னாடி இருக்குறதத்தான எடுக்குது?"

"அதுக்கு?"

"உங்கண்ணன் என்னைக்கு போட்டாவுக்கு முன்னாடி நின்னாரு? கல்யாணத்துல எல்லாரும் உக்காரச் சொல்லிக் கத்துறீக, அந்தாளு எந்திரிச்சுப் போயி போட்டாக்காரனுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. ஆல்பத்துல நான் மட்டும் மாலையோட தனியா உக்காந்திருக்கேன். மாப்பிள்ள எங்கன்னு இன்னைக்கு வரைக்கும் கேலி பண்றீகள்ல?"

ஊர் சிரித்தது. அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கக் கூரிசாமியை இரண்டு பேர் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. குருவம்மாள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்து முடித்ததும் ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எட்டு மாசமா நான் தப்பான எடத்துல உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சவர்ணம் நாற்காலி வரிசையைத் தாண்டி, சாமியானாவைத் தாண்டி, வெயிலுக்கு வந்து, சாத்தையாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். யாரும் தடுக்கவில்லை.

"கிளார்க்கு தம்பி, எடு" என்றாள்.

இந்தக் கருத்துக்குச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்று குருவம்மாள் சொன்னார். உட்கார்ந்திருந்தவர்களில் முத்துராக்கு முதலில் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக ஊரில் இருந்தவர்களின் கைகள் ஏறின, வெறுப்பினால் அல்ல, இந்தப் பெண் இன்னும் எத்தனை நாள் இப்படி நிற்பாள் என்ற இரக்கத்தினால்.

மணி பதினொன்றரை. எப்போதும் அந்த வெயிலில் கைபேசித் திரையில் ஒன்றும் தெரியாது. சாத்தையா இடது கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு குத்துமதிப்பாகத்தான் எடுப்பார். அன்று கையைக் குடையாகப் பிடிக்கப் போனபோது திரை ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்தது. நிழல் விழுந்திருந்தது. பஞ்சவர்ணம் அவருக்குப் பின்னால் இடப்பக்கமாக நின்றிருந்தாள், அவளுடைய குட்டையான நிழல் அவர் இடது காலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. திரையின் மேல் விழுந்த நிழல் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அது உயரமான ஆளின் நிழல்.

"தலைல துண்டப் போட்டுக்கிட்டா என்னவாம், இம்புட்டு வெயிலடிக்குது" என்று பஞ்சவர்ணம் மெதுவாகச் சொன்னாள். அப்புறம் சிரித்தாள்.

"என்கிட்டப் பேசுற குரல் இல்ல சார் அது" என்றார் சாத்தையா. "பதினெட்டு வருசமா அந்தம்மாவ எனக்குத் தெரியும். அந்தக் குரல நான் கேட்டதே இல்ல. வீட்டுக்குள்ள பேசுற குரல். நான் அங்க நிக்கிறதே தப்புன்னு தோணுச்சு. படத்த எடுத்தேன். ஏத்திட்டேன்."

படத்தில் ஊரில் இருந்த முப்பத்தாறு பேரின் கைகள் மேலே இருந்தன. வெளியூரில் இருந்த அறுபத்து மூன்று பேரில் ஒருவர் கைகூட ஏறவில்லை. மாவுக் கையும் கட்டுப்போட்ட கையும் துடைப்பம் பிடித்த கையும் அவரவர் மடியில் கிடந்தன. முத்துராக்கு கையை உயர்த்தியபடி உட்கார்ந்திருக்க, அவருக்குப் பக்கத்தில் வழிவிட்டான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். முத்துராக்கு அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தன் தாளைக் கேட்டு வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அண்ணன் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை. அடுத்து வந்த கல்யாணத்தில் குங்குமத் தட்டு பஞ்சவர்ணத்தின் முன்னால் நின்றது.

நவம்பரில் என் அறிக்கையின்படி புதிய செயலி வந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கைபேசி முன்னால் நின்று கண்ணைச் சிமிட்ட வேண்டும், பெருவிரலை வைக்க வேண்டும். பழைய கைபேசியை ஒப்படைக்க சாத்தையா என் அலுவலகத்துக்கு வந்தார். அப்போதுதான் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மேலே உள்ளதையெல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே ஒப்புகைச் சீட்டு எழுதினேன். விதிமுறைப்படி அவர் கண் முன்னாலேயே கைபேசியில் இருந்ததையெல்லாம் அழிக்கச் சொன்னேன். பழைய படங்கள் தளத்திலிருந்தும் போயின. அடுத்த ஜனவரி இருபத்தாறாம் தேதி ஆவரேந்தலில் முப்பத்து நான்கு பேர் கண்ணைச் சிமிட்டினார்கள். கோரம் இல்லை. மே மாதம் இருபத்தொரு பேர். அதற்குப் பிறகு சாத்தையா நாற்காலிகளை அடுக்கி வைத்ததோடு சரி, எடுக்கவில்லை. நாக்பூர்ப் பையன்கள் சில மாதங்கள் அந்த நாட்களில் வெள்ளைச் சட்டை போட்டார்களாம். பிறகு விட்டுவிட்டார்கள்.

இந்த ஏழு வருடங்களில் சாத்தையாவிடம் பல கேள்விகள் கேட்டிருக்கிறேன். அவர் ஓய்வு பெற்று ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்ததும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று கேட்பேன். அன்று மேகம் இருந்ததா, சாமியானாக் கம்பு எந்தப் பக்கம் இருந்தது, வலப்பக்கம் மரம் ஏதாவது உண்டா. விசாரணை அதிகாரி கேட்கிற கேள்விகள். மேகம் இல்லை சார், கம்பு பின்னால இல்ல சார், மரம் இருந்தா நான் ஏன் சார் வெயில்ல நிக்கிறேன் என்று அவரும் பொறுமையாகச் சொல்வார். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அவருடைய கதை எப்போதும் "படத்த எடுத்தேன், ஏத்திட்டேன்" என்ற இடத்தில் நின்றுவிடும், நானும் அங்கேயே நின்றுவிடுவேன்.

சென்ற மாதம் அவரே போன் செய்தார். பஞ்சவர்ணம் இறந்துவிட்டாளாம். காய்ச்சல், மூன்றே நாள். மறுநாள் நான் கடைக்குப் போனேன். எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு, யாருக்கோ ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"பொணத்த எடுக்குறதுக்கு முன்னாடி ஒரே பேச்சு சார். பொட்டு வச்சு, பூ வச்சு, சுமங்கலியா எடுக்குறதா, இல்ல அழிச்சிட்டு எடுக்குறதா? பொம்பளைக பாதி அப்பிடிங்குது, பாதி இப்பிடிங்குது. பெத்த பிள்ள இல்ல, சொல்றதுக்கு ஆள் இல்ல. கடைசில முத்துராக்கு என்னையக் கூப்புட்டாரு. அழுதுக்கிட்டே கேக்குறாரு, 'சாத்தையா, அன்னைக்கு எங்க மதினி பக்கத்துல நின்னவன் நீ ஒருத்தன்தான். நீ சொல்லு, எப்பிடி எடுக்க?' ஊரே என்னையப் பாக்குது."

இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. அவர் அதை எடுத்து, நகலுக்காக வந்திருந்தவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"பொட்டோட எடுங்கன்னு சொல்லிட்டேன். சிவப்புச் சேலை போத்தி, நெத்தி நெறைய வச்சுத்தான் எடுத்தாக. முத்துராக்குதான் கொள்ளி வச்சாரு."

எனக்கு ஐம்பத்தேழு வயது. சாட்சியம் என்றால் என்னவென்று முப்பது வருடங்களாகப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவன். எதிரே இருந்த மனிதர் ஒரு பெண்ணை மனைவியாக அனுப்பிவைப்பதா விதவையாக அனுப்பிவைப்பதா என்று தன் வாயால் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் பொய்யும் தெரியவில்லை, நிச்சயமும் தெரியவில்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பதில் வந்தாலும் அதன் பிறகு என்னால் எப்படி இருக்க முடியும் என்று தெரியாமலே, ஏழு வருடங்களாக வைத்திருந்ததைக் கேட்டேன்:

"சாத்தையா, அன்னைக்கு நீங்க திரும்பிப் பாத்தீங்களா?"